முள் இல்லாத செடி

தை 9, வியாழன்.
பனி. கிணற்றடிச் செடிக்குத் தண்ணீர், மூங்கில் பத்தையில் கட்டு. ஆவடி மிலிட்டரி கேம்ப் வெள்ளைக்காரத் துரை பர்மா சண்டைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பிளாக்பெரி. திருநின்றவூர் வெயிலில் காய்க்காது என்று சிரித்தார்கள். இதோ, நாலு பழம். இன்னும் சிவப்பு. கறுத்தால்தான் தின்னலாம். கோமளா தினமும் கேட்கிறாள். வாய்க்கு வேறு எதுவும் பிடிக்கவில்லையாம். மாசம் நிறைந்துவிட்டது.

மகள் பிரசவத்துக்கு அத்தை வந்தாயிற்று. வந்ததும் கொடியை அடியிலிருந்து நுனிவரை தடவிப் பார்த்தாள். “முள்ளு கிள்ளு இல்லியே மாப்ளே? புள்ளத்தாச்சி ஊட்ல முள்ளுச்செடி ஆவாது.” இல்லை என்றேன். அவளுக்கு எல்லாம் சகுனம். போன தடவை பிறந்த குழந்தை அழவே இல்லை. அப்போது எந்த முள் இருந்ததாம்?

சாயந்தரம் வேரடி கொத்தி எரு போட்டேன்.

தை 13, திங்கள்.
மண்ணிலிருந்து புதுத் துளிர். சந்தோஷமாகத் தொட்டேன். முள்! விரலில் ரத்தம். களைக்கொத்து பட்ட வேரிலிருந்து வந்திருக்கிறது. மேல் கொடி வழவழ. அடியில் இது.

வெட்டிச் சாம்பல் குழியில் புதைத்தேன். இதெல்லாம் நான் நம்புகிறவன் இல்லை. பிறகு ஏன் அத்தை எழுந்திருப்பதற்குள் அவ்வளவு அவசரம்? என் மேலேயே எரிச்சல்.

தை 17, வெள்ளி.
மேலும் இரண்டு முள் துளிர். வெட்டும்போது பின்னால் அத்தை குரல். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா கத்தியும் கையுமா இன்னா பண்ணிகினு கீறீங்க? கையில இன்னா ரத்தம்?”
மூங்கில் சிராய் என்றேன்.

குழந்தை அசைவது குறைந்திருக்கிறது என்கிறாள் கோமளா. கடைசியில் அப்படித்தான் என்கிறாள் மருத்துவச்சி. ஆபீசில் இரண்டு தப்பு, திட்டு. பழம் இன்னும் சிவப்பு.

தை 19, ஞாயிறு.
விடியற்காலை வலி. உள்ளே மருத்துவச்சி, அத்தை. கதவு சாத்தியாயிற்று. எனக்கு வேலை வெந்நீர் போடுவது மட்டும். கிணற்றடிக்குப் போனால், வெட்டிய இடத்திலேயே மறுபடி முள்.

மத்தியானம் ஆகியும் ஒன்றுமில்லை. மருத்துவச்சி குரல்: “தல எறங்கல, இன்னும் கொஞ்சம் முக்கும்மா.” பிறகு கோமளாவின் சத்தமே இல்லை. பயம். சொல்லத் தெரியாத பயம். கடப்பாரையை எடுத்தேன். செடி, வேர், பத்தை எல்லாம் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன்.

கை கழுவும்போது அழுகை கேட்டது. பெண்.

அத்தை வெளியே வந்தாள். “ரெண்டு பேரும் நல்லா கீறாங்க மாப்ளே.” செடி பிடுங்கிய குழியைப் பார்த்தாள். கடப்பாரையை எடுத்துச் சுவரில் சாத்தினாள்.

உள்ளே போனேன். கோமளா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது: “ஏங்க, பழம் கறுத்துச்சா?”
இன்னும் இல்லை என்றேன்.

வேலிக்கு அப்பால் போய்த் தேடினேன். செடி வதங்கிவிட்டது. நாலு பழமும் நசுங்கிக் கிடந்தன. சாயந்தரம் குழியை மூடித் தண்ணீர் ஊற்றினேன். அறுந்த வேர் ஏதாவது உள்ளே இருக்கும். முளைத்தால் முள்ளோடுதான் முளைக்கும்.

முளைக்கட்டும்.