பல்லிக்கு ஒரு பட்டுப்புடவை

இன்று டிரங்குப் பெட்டியைக் காலி செய்தேன். அந்துருண்டை வாசனையோடு அடியில் ஒரு ரோஸ் நிற சினிமா நோட்டீஸ். அதில் கடலிலிருந்து எழுந்து நிற்கிறது ஜப்பான்காரனின் ராட்சதப் பல்லி. பார்த்ததும் சிரித்துவிட்டேனடி, அப்புறம் அழுதும்விட்டேன். நீ போய் ஒரு வருஷமாகப் போகிறது.

எழுபதுகளின் தொடக்கம். டென்ட் கொட்டகைக்கு நாம் இருவரும்தான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். பெருமாள் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுக் கும்பிட்டு வளர்ந்த பிள்ளைகளாயிற்றே! திரையில் பட்டாளம் அதைச் சுட்டதும், "பல்லிய அடிக்கக் கூடாது டீச்சர், பாவம்!" என்று ஒரே கூச்சல். நான் தலையில் அடித்துக்கொண்டேன். நீயோ மறுநாளே அதை ஏழாம் வகுப்புக்குள் இழுத்து வந்துவிட்டாய்.

அது எந்தக் கடலில் கிளம்பியது என்பது பூகோளம். முட்டையிடுமா, குட்டி போடுமா என்பது விஞ்ஞானம். அதற்குப் பட்டுப்புடவை நெய்ய எவ்வளவு பிடிக்கும் என்பது கணக்கு. நம் இரண்டு வகுப்புக்கும் நடுவில் ஒரு மூங்கில் தட்டிதானே! என் செய்யுள் வகுப்புப் பிள்ளைகளின் காதெல்லாம் உன் பக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து செல்வியின் அப்பா வந்து நின்றார். கரையைத் தனியாகக் கோத்து நெய்யும் கோர்வைப் புடவைக்குத் தறியில் இன்னொரு கை வேண்டும். அதற்காக மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்த வந்திருந்தார். உன் வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரி அவள்தான். உன் முகம் வெளுத்ததைத் தட்டி இடுக்கில் பார்த்தேன்.

"படிக்க அனுப்சா, பல்லிக்குப் பொடவை கட்டிக்கினு இருக்கறீங்களாமே?" என்று இரைந்தார்.

நீ கோபப்படவில்லை. "நீங்களே சொல்லுங்களேன். பல்லி முப்பத்தஞ்சு ஆள் உயரம். தறிக்கு எத்தினி பாவு நூல் வேணும்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு பாவுல மூணு பொடவை. பன்னெண்டு பாவு தாராளம்மா."

"இல்ல நைனா," என்று எழுந்தாள் செல்வி. "நீளத்த மட்டும் பாத்துட்ட. பல்லி அகலமாவும் இருக்குதே! அகலத்துக்கும் முப்பத்தஞ்சு பங்கு வேணும்." பலகைக்கு ஓடிப் பெருக்கினாள். புடவைகள் ஆயிரத்தைத் தாண்டின.

தறியின் அகலம் மாறாது. ஆயுசுக்கும் நீளத்தை மட்டுமே கணக்குப் பார்த்த மனிதர் அவர். பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஏம்மா, இத்த நீயா போட்ட?" என்று மகளைக் கேட்டார். கேட்கும்போதே பூரித்துப்போயிருந்தார். பிறகு உன் பக்கம் திரும்பினார்.

"கோர்வைக்கு வேற ஆளப் பாத்துக்கறேம்மா. நீங்க நடத்துங்க."

அன்று தட்டியைப் பிய்த்துக்கொண்டு வந்து உன்னைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது எனக்கு. அடுத்த திங்கட்கிழமை, முன்பே நிறுத்தியிருந்த மூத்தவளையும் அவர் கூட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் தெருவே உன்னைப் பல்லி டீச்சர் என்றுதான் கூப்பிட்டது. உனக்கு அதில் ஒரு கர்வம். எனக்கு உன்னைவிட. இன்றைக்கும் என் உத்தியோகத்தைப் பற்றி யார் கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறேன்: பல்லி டீச்சருக்குப் பக்கத்து வகுப்பு நான்.