வாரத்துக்கு ஒரு மாத்திரை

ஜனவரி 12, ஞாயிறு

பக்கத்து வீட்டு சில்வியா வீட்டில் அன்பிய ஜெபம், எங்கள் தெருக் கத்தோலிக்கர்கள் கூடுவது. மன்றாட்டு நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, வைட்டமின் டி ஒன்பதுக்கு எறங்கிப்போன எங்க பிலோமினா ஆன்ட்டிக்காக..." என்று ஆரம்பித்துவிட்டாள். ரத்தப் பரிசோதனை முடிவை இவளிடம் சொன்னேனே! இப்போது பரலோகத்துக்கும் தெரியும். தெரு முழுவதற்கும் தெரியும்.

டாக்டர் அஷ்வினி கொடுத்தது அறுபதாயிரம் யூனிட் மாத்திரை. வாரம் ஒன்று, எட்டு வாரம், பிறகு வந்து காட்ட வேண்டும். பள்ளிச் சிறுமி போல இருக்கிறாள். என்னை "அஜ்ஜி" என்கிறாள். நான் எப்போது இவளுக்குப் பாட்டியானேன்?

ஜனவரி 19

முன்பெல்லாம் விதவையைப் பார்க்க வருகிறவர்கள் கேக் கொண்டுவருவார்கள். இப்போது வைட்டமின் டி. சில்வியா ஓர் அட்டை. ரிட்டையர்டு நர்ஸ் ஜேன் ஓர் அட்டை, கூடவே தினமும் போட கால்சியம். பாடகர் குழு மெர்வின், தன் தாயாருக்கு வாங்கியதில் மிஞ்சிய அட்டைகள். (தாயார் இறந்துவிட்டார். மிஞ்சாமல் என்ன செய்யும்?) எல்லாருக்கும் ஒரே பல்லவி: "வாரத்துக்கு ஒண்ணு போதும், ஆன்ட்டி."

ஜனவரி 26

கோயில் வாசலில் விசாரணை. "நான் குடுத்தத போடறீங்கதானே?" என்று மூன்று பேரும் கேட்டார்கள். எனக்குப் பொய் வராது. கான்வென்ட் சிஸ்டர்கள் பொய் சொல்லவும் விடவில்லை, கொடுத்ததை வீணாக்கவும் விடவில்லை.

ஆகவே ஓர் ஒழுங்கு செய்துவிட்டேன். ஞாயிறு டாக்டருடையது. திங்கள் சில்வியா. புதன் ஜேன். வெள்ளி, மெர்வினின் காலஞ்சென்ற தாயார். ஒவ்வொருவருடையதும் வாரத்துக்கு ஒன்றுதான், சொன்னது சொன்னபடி. வைட்டமின்தானே? நாலு வீட்டிலிருந்து நஞ்சன்கூடு வாழைப்பழம் வந்தால் சாப்பிட மாட்டோமா?

மார்ச் 16

எட்டு வாரம் முடிந்துவிட்டது. டாக்டரிடம் போகவில்லை. "அஜ்ஜி" என்று அழைக்கப்படுவதற்குக் கட்டணம் வேறு கட்ட வேண்டுமா? மருந்துக்கடையில் கேட்டேன், சீட்டு இல்லாமலே கொடுத்தான். மற்றவர்களின் அட்டை தீர்வதற்குள் புதிது வந்துவிடுகிறது. இந்த ஊரில் தாராளமாகக் கிடைப்பவை அறிவுரையும் இதுவும்தான்.

ஏப்ரல் 20

உயிர்ப்புத் திருநாள். கேக் பிடிக்கவில்லை. எதுவுமே பிடிக்கவில்லை. ஓயாத தாகம், ஓயாமல் கழிவறைக்கு நடை. மலச்சிக்கல் — இதை எழுதுவதே அநாகரிகம்.

"வெயில்தான் ஆன்ட்டி" என்றாள் ஜேன். வாழ்நாளெல்லாம் நர்ஸாக இருந்து வானிலை அறிக்கை வாசிக்கிறாள்.

ஏப்ரல் 29

கேஸ் அடுப்பை அணைக்க மறந்தேன். பெங்களூரிலிருந்து ஜோஷுவா போன் செய்தபோது, "டாடி பூசைக்குப் போயிருக்கார்" என்றேனாம்.

கொர்னேலியஸ் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அப்படியா சொன்னேன்?

"மம்மி, சும்மா அடம் பிடிக்காதீங்க. இங்க உங்களுக்கு ரூம் ரெடி. வீட்ட பூட்டிட்டு வந்துடுங்க" என்கிறான் மகன். பன்னிரண்டாம் மாடி. ஜன்னலுக்கு வெளியே இன்னொருவர் ஜன்னல்.

மே 4

பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது பாதியில் நின்றுவிட்டது. ஆறு வயதிலிருந்து சொல்லி வருவது. பக்கத்தில் சில்வியா, பார்த்துவிட்டாள்.

ஐயோ, நெஜமாவே புத்தி போகுதா எனக்கு? யார்கிட்ட கேக்கறது?

மே 7

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். கையில் சலைன்.

முந்தாநாள் என்னைக் கூட்டிப்போக ஜோஷுவா பெரிய பெட்டியோடு காரில் வந்தான். மறதி வைத்தியரிடம் காட்ட ஒரு கடிதம் வேண்டும் என்று முதலில் அஷ்வினியிடம் கூட்டிப்போனான். அவள் அறையிலேயே வாந்தி எடுத்தேன். ரத்தம் எடுத்தார்கள். கால்சியம் ஏறிக் கிடந்தது.

"அஜ்ஜி, அந்த மாத்திரைய இன்னும் போடறீங்களா? வாரத்துக்கு எத்தனை?"

"ஒன்று" என்றேன். பொய் வராதே. "உன்னுடையது ஒன்று."

ஜோஷுவா வீட்டுக்குப் போய் எல்லா அட்டையும் கொண்டுவந்தான். அவள் மேசைமேல் பரப்பினாள்.

"பேர்தான் வேற வேற. எல்லாம் அதே அறுபதாயிரம். நாள் கணக்குல பாத்தா தினம் முப்பதாயிரத்துக்கு மேல போட்டிருக்கீங்க. உங்க வயசுக்கு எண்ணூறு போதும். டாக்டர் பாக்காம நாலாயிரத்தத் தாண்டவே கூடாது. மேல கால்சியம் வேற! தாகம், வாந்தி, மறதி, எல்லாம் இதுனாலதான் இருக்கணும்."

ஜோஷுவா சிரித்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

மறதி கால்சியத்தால் வந்தது. கால்சியம், டி மாத்திரையால் ஏறியது. மாத்திரை என் நேர்மையால் உள்ளே போனது. யாரைக் குறை சொல்வது?

"பெட்டி இருக்கட்டும், மம்மி. தெளியுதான்னு பாப்போம். இல்லன்னா பெங்களூர்தான்."

மே 18

விசுவாசப் பிரமாணம் முழுவதும் சொன்னேன். யாரும் கவனிக்கவில்லை.

மாலையில் சில்வியா வந்தாள். "இது பி-டுவெல்வ் ஆன்ட்டி. ஞாபக சக்திக்கு."

"வேண்டாம்" என்றேன். காரணம் சொல்லவில்லை. எழுபத்தெட்டு வயதில் ஒரு புதிய வார்த்தை. அவள் முகம் சுருங்கியது. சுருங்கட்டும்.

நவம்பர் 21, வெள்ளி

கால்சியம் எப்போதோ சரியாகிவிட்டது. டி-யும் இப்போதுதான் இருக்க வேண்டிய இடத்துக்கு இறங்கியிருக்கிறது. இனி தினம் எண்ணூறு யூனிட், ஒரே அட்டை, மூன்று மாதம் கழித்துப் பரிசோதனை. "சரியா, அஜ்ஜி?" என்றாள். "சரி, டாக்டர்" என்றேன். அன்பியத்தில் மூச்சுவிடவில்லை.

ஜோஷுவா போன் செய்தான். சுற்றி வளைத்து ஏதேதோ பேசினான். எனக்கென்று வைத்திருந்த அறையில் உடற்பயிற்சி சைக்கிள் வாங்கிப் போட்டுவிட்டார்களாம்.

நல்லதாகப் பார்த்து வாங்கினாயா என்று கேட்டேன்.