வெட்டாமல் அனுப்பிய படம்

நேற்று மத்தியானம் உன் மகள் மீனு என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கல்லூரிப் பையிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் பிரித்தாள். உன்னுடைய கையடக்க கேம் பிளேயர். பாட்டரி வீங்கிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. பித்தான் இடுக்குகளில் எண்ணெய்க் கறுப்பு. முகர்ந்து பார்த்தேன், டீசல் வாசனை இன்னும் போகவில்லை. "மாமா, இது இனி ஓடுமோ?" என்று கேட்டாள். பார்க்கிறேன் என்றேன். அவள் போன பிறகு எனக்கு வேலையில் மனம் நிற்கவில்லை. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னோடு பேசாமல் இருப்பது இன்னும் பழகவில்லை, அதனால் எழுதுகிறேன்.

அந்த ஊரடங்கு மாதங்களில் நம் இருவரில் யார் அதிகம் அடைபட்டுக் கிடந்தோம் என்று எனக்கு இப்போதும் சொல்லத் தெரியவில்லை. கரமனைப் பாலத்தில் போலீஸ் கயிறு கட்டியிருந்தது. கல்யாணங்கள் நின்றுபோனதால் என் வீடியோ ஸ்டுடியோவின் ஷட்டர் பாதி இறங்கியே கிடந்தது. நீயோ கப்பலில், செகண்ட் இன்ஜினியர். ஒப்பந்தம் முடிந்து மாதங்கள் கழிந்தும் உன்னை இறக்கிவிட எந்தத் துறைமுகமும் சம்மதிக்கவில்லை. கைபேசி இன்ஜின் அறையில் விழுந்து உடைந்துவிட்டது. வாரத்துக்கு ஒருமுறை கப்பலின் சாட்டிலைட் ஃபோனில் சில நிமிஷப் பேச்சு. உன் சொந்தம் என்று மிஞ்சியிருந்த ஒரே திரை அந்த விளையாட்டுக் கருவிதான்.

அந்தச் சமயத்தில்தான் உன் அப்பா போனார். காலைக் காப்பியைக் குடித்துவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. உன் சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். உனக்கு இப்போது சொல்ல வேண்டாம் என்று உன் மனைவி லலிதா தீர்மானித்தாள். அதற்கு முந்தைய வாரம், வேறொரு கப்பலில் ஒருத்தன் கடலில் குதித்துவிட்டான் என்று நீ அவளிடம் சொல்லியிருந்தாய். நீ அதைச் சொன்ன விதம் அவளைத் தூங்கவிடவில்லை.

"தனியா நடுக்கடல்ல இருக்கார் அண்ணா. அவருக்கு ஏதாவது தோணிடுத்துன்னா நான் என்ன பண்ணுவேன்? ஆத்துக்கு வரட்டும், கையைப் பிடிச்சிண்டு சொல்லிக்கறேன்," என்றாள் என்னிடம்.

எனக்கும் அதுவே சரி என்று பட்டது. அன்றிலிருந்து நீ அழைக்கும்போதெல்லாம் உன் அப்பா குளித்துக்கொண்டிருந்தார், அல்லது தூங்கிக்கொண்டிருந்தார்.

பிறகு உன் கப்பல் நம் ஊர்க் கடற்கரையான விழிஞ்ஞத்துக்கு வெளியே வந்து நங்கூரமிட்டது. உனக்குப் பதிலாக ஏற வேண்டியவன் வந்ததும் படகில் இறங்கிவிடலாம் என்றார்கள். லலிதா வீட்டைக் கழுவிவிட்டாள். ஏற வந்தவனுக்குப் பரிசோதனையில் கோவிட் என்று வந்தது. நீ இறங்கவில்லை. "லைட் ஹவுஸ் தெரியறதுடா," என்று அந்த வாரம் என்னிடம் சொன்னாய். "கூட இருக்கிறவா ஃபோனுக்குச் சிக்னல்தான் எட்டலை. நம்ம ஊரைப் பார்த்துண்டு நிக்கறேன், கேட்டியா." ஃபோனில் உன் குரலோடு காற்றும் இரைந்தது.

மறுநாள் மீனு ஒரு பென் டிரைவோடு என் கடைக்கு வந்தாள். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். நீ கப்பலேறும் முன் அவளுக்கு ஃபிளாஷ் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் பொம்மையை அசைய வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தாயே, அதை வைத்து உனக்காக ஒரு படம் செய்திருந்தாள். சாமான் கொண்டுபோகும் ஏஜென்ட் படகில் மெமரி கார்டைக் கொடுத்தனுப்பலாம். ஆனால் உன் கருவிக்கு ஃபிளாஷ் கோப்பு புரியாது. அதன் சின்னத் திரைக்கு ஏற்ற வீடியோவாக மாற்ற வேண்டும்.

நேராக மாற்றிப் பார்த்தேன். அப்பா பொம்மை நடப்பது மட்டும் வந்தது. மீனு உள்ளுக்குள் தனித்தனியாக அசையும்படி செய்து வைத்திருந்தவை எல்லாம், அம்மாவின் கையசைப்பு, காக்காயின் சிறகு, விளக்கின் சுடர், அப்படியே உறைந்து நின்றன. வேறு வழியில்லாமல் படத்தைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, திரையில் ஓடுவதையே பதிவு செய்தேன். ஒலி பின்தங்கியது. மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். அதனால் அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்ப முழுசாகப் பார்க்க வேண்டியிருந்தது.

படத்தில் கப்பலிலிருந்து நீ குதித்து இறங்குகிறாய். கரமனை ஆறு வருகிறது, நம் தெரு வருகிறது. லலிதா வாசலில் கை அசைக்கிறாள். நீ உள்ளே போகிறாய். கூடத்தில் காலியான சாய்வு நாற்காலி. அதற்கு மேலே சுவரில் மாலை போட்ட தாத்தா. கீழே ஒரு விளக்கு.

நான் மீனுவைத் திரும்பிப் பார்த்தேன். "அம்மா சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்காளே?"

"நான் சொல்லலயே மாமா. வரைஞ்சேன், அவ்வளவுதான்."

லலிதாவை வரவழைத்துக் காட்டினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "அந்த இடத்தை மட்டும் வெட்டிடுங்கோ அண்ணா," என்றாள். எனக்கு அது ஒரு நிமிஷ வேலை. வெட்டிக் காட்டினேன். நீ வாசலைத் தாண்டியதும் படம் முடிந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது; அப்பாவைத் தேடி ஓடி வருகிறவனைக் கூடத்துக்குள் விடாமல் கதவைச் சாத்தியது போல.

"அப்போ தாத்தாவை நாற்காலில உக்கார வெச்சுடு மீனு. முன்னே இருந்தாப்பலே," என்றாள் லலிதா.

மீனு மவுஸைப் பிடித்தாள். வேட்டி வரைந்தாள், கண்ணாடி வரைந்தாள். கை தொடையில் தாளம் போடும்படி செய்தாள், உன் அப்பா ரேடியோ கேட்கும்போது போடுவாரே, அதே மாதிரி. பிறகு மவுஸ் நின்றுவிட்டது. "தாத்தா வாசலைப் பார்க்கணும் இல்லையா, அப்பா வரச்சே? நேக்கு அது வரலை," என்றாள். அவர் போன நாளிலிருந்து அந்தக் குழந்தை அழுது நான் பார்த்ததில்லை. ஃபோனில் அப்பாவுக்குக் கேட்டுவிடுமே என்று அடக்கி அடக்கி அதுவே பழக்கமாகிவிட்டது போலும். அன்று என் கடையில் ஏங்கி ஏங்கி அழுதாள்.

லலிதா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். அவள் அழுது ஓய்ந்ததும், "போறும். அவ எப்படிப் பண்ணினாளோ அப்படியே அனுப்புங்கோ," என்றாள்.

கார்டை நானே எடுத்துப் போனேன். பாலத்தில் போலீஸ்காரர் ஸ்கூட்டரை மறித்து, "எங்ஙோட்டா?" என்று மலையாளத்தில் போகுமிடம் கேட்டார். ஏஜென்ட் கொடுத்த பாஸைக் காட்டினேன். விழிஞ்ஞத்தில் படகுக்காரர் கார்டின்மேல் சானிடைசர் அடித்துத் துடைத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். படகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

அடுத்த அழைப்பு வரும்வரை உன் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அங்கேயே கிடந்தேன். ஃபோன் மணி அடித்ததும் லலிதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"பார்த்தேன்," என்றாய்.

மீனு லலிதாவின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"நேக்குச் சந்தேகம் இருந்துண்டேதான் இருந்தது லலிதா. எப்போ கூப்பிட்டாலும் குளிச்சிண்டிருக்கார்னா, அவர் என்ன மீனா, ஜலத்துலயே கிடக்க?" நீ சிரிக்கப் பார்த்தாய். அது பாதியில் உடைந்தது. "கேக்கப் பயம். நீங்க சொல்லப் பயந்தேள், நான் கேக்கப் பயந்தேன். அப்பாவை நினைச்சு அழக்கூட முடியாம வேலை பார்த்துண்டிருந்தேன். அந்தப் படத்தைப் பார்த்தப்புறம்தான் அழுதேன். சமையல்காரன்கிட்ட எள்ளு வாங்கிண்டு டெக்குக்குப் போய், லைட் ஹவுஸைப் பார்த்து நின்னு ஜலம் விட்டேன். மீனு எங்கே?"

"இங்கேதான் இருக்கேன் அப்பா."

"விளக்கு நன்னா அசையறதுடி."

கப்பல் உன்னை இறக்காமலே மறுபடி புறப்பட்டுப் போனது. நீ வீடு வந்து சேர மழைக்காலம் முடிய வேண்டியிருந்தது. வந்ததும் பெட்டியைக்கூட வைக்காமல் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாய். நாங்கள் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் நாகர்கோவிலில் என் அக்காவுக்குப் புற்று என்று டாக்டர் சொன்னார். வீட்டில் எல்லோரும் அடுக்களையில் கூடிக் குரலைத் தாழ்த்தி, அவளுக்குத் தெரியக்கூடாது என்று முடிவு செய்தார்கள். அல்சர் என்று சொல்லலாம் என்றார் மச்சான். நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றேன். அப்போது உன் குரல் எனக்குள் கேட்டது: நீங்க சொல்லப் பயந்தேள், நான் கேக்கப் பயந்தேன். அவள் அறைக்குள் போய் டிவியை அணைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை, சொல்லிவிட்டேன்.

"எனக்குத் தெரியும்லே," என்றாள் அக்கா. "நீங்க சொல்லாம நான் எப்பிடி அழ?"

பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். நானும் அழுதேன். அடுக்களையில் பேச்சு நின்றது. ஒவ்வொருவராக வந்து எங்களைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.