உங்கள் கிணற்றில் கடல்

உம்மா,

இன்று காலைத் தேத்தண்ணியும் உப்புக் கரித்தது. சீனியைக் கூட்டிப் போட்டும் போகவில்லை. குழாய்த் தண்ணி வந்த பிறகும், நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போன பிறகும், உங்கள் கிணற்றுத் தண்ணியில்தான் எனக்குத் தேத்தண்ணி. "கிணறில்லாத ஊட்டைப் பொம்புளப் புள்ளைக்குச் சீதனமாக் குடுக்கப்படா" என்று, அத்திவாரம் போடுமுன் கிணறு வெட்டியவர் நீங்கள். அப்போது வளவுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பே நின்றது. சுனாமிக்குப் பிறகுகூட கிணற்றை இறைத்துக் கழுவினோம், தண்ணி திரும்ப இனித்தது. இந்த முறை இறைக்க இறைக்க உப்புத்தான். கடல் வேலிக்கு வந்துவிட்டது.

ஊர் அலுவல் பார்க்கும் விதானையிடம் போய், கடலை விட்டு உள்பக்கமாக ஒரு துண்டுக் காணி கேட்டேன். வெள்ளத்தில் ஓடிவந்த சனத்துக்குச் சோறாக்கிப் போட்ட கை இது, நீட்டும்போது கூசியது. அவர் மரியாதையாகத்தான் சொன்னார். "மூத்தம்மா, ஊடு இன்னும் நிக்கிதே. ஒரே நாளையில அள்ளிட்டுப் போனா அனர்த்தம் எண்டு எழுதலாம். மெல்ல மெல்ல அரிக்கிறதுக்குச் சட்டமில்ல."

போன கிழமை என் பேத்தியைப் பெண் கேட்டு நிந்தவூரிலிருந்து மாப்பிள்ளையின் தாய், வீடு பார்க்க வந்தார். மகன் வந்து வாழப்போகும் வீடல்லவா. நான் கடல் தெரியும் பின்கதவைப் பூட்டி வைத்தேன். தேத்தண்ணிக்குக் குழாய்த் தண்ணி எடுக்கச் சொன்னேன். கடல் கிட்டவா என்று கேட்டார். தூரம் என்றேன்.

பேத்தி கொண்டுவந்த தேத்தண்ணியில் ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் சிரித்தார். "மருமகள்ற கை உப்புக் கைதான்."

"என்ட கையில இல்ல மாமி, கிணத்துல. கடல் வேலிக்கு வந்திட்டு" என்று சொல்லி, பேத்தி போய்க் கதவைத் திறந்தாள்.

எனக்குத் தலை நிமிரவில்லை. அந்த மனுசி எழும்பிப் போய் அலையைப் பார்த்தார்.

"எங்கட குசினியும் போன மாரியில கடலோட போயிட்டு. மகன் உங்கட ஊட்டுக்கு வந்தாலாவது தப்புவான் எண்டு நினைச்சன்" என்றார்.

சம்பந்தம் முறியவில்லை. குடுக்க வீடுதான் இல்லை.

நாளைக்கு நானும் மாப்பிள்ளையின் தாயும் சேர்ந்து விதானையின் கந்தோருக்குப் போகிறோம். நீங்கள் எனக்குக் கிணறோடு வீடு தந்தீர்கள். நான் பேத்திக்காக வரிசையில் நிற்கப் போகிறேன். வெட்கம்தான் உம்மா. ஆனாலும் உங்கள் கிணற்றுத் தண்ணியை ஒரு போத்தலில் எடுத்து வைத்திருக்கிறேன். சட்டமில்லை என்று சொல்லுமுன் விதானையும் ஒரு மிடறு குடிக்கட்டும்.