வாசல் பலகையில் 142

பிப்ரவரி 25, செவ்வாய்

பிளோவர் நின்றுவிட்டது. காலையில் ஈ.டி.பி., அதாவது கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் கதவைத் திறந்தபோது அந்த இரைச்சல் இல்லாதது முதலில் நிம்மதியாகக்கூட இருந்தது. என்ன ஜென்மமோ நான்.

பெயின்ட் ஷாப்பில் வண்டிப் பாகங்களைக் கழுவிய தண்ணீரெல்லாம் என் தொட்டிக்குத்தான் வரும். தொட்டியில் இருக்கும் பாக்டீரியா அழுக்கைத் தின்னும், அதற்குக் காற்று கொடுப்பது பிளோவர். காற்று இல்லாவிட்டால் சில நாளில் எல்லாம் செத்துவிடும். சுத்தமான தண்ணீர் வெளிக் கால்வாய்க்குப் போகும். போகிற வழியில் ஒரு சென்சார். தண்ணீரில் எவ்வளவு அழுக்கு மிச்சம் என்று அது சொல்லும் எண், சி.ஓ.டி., கம்பெனி வாசல் பலகையிலும் சென்னையில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் திரையிலும் ஒரே நேரத்தில் ஓடும். 250ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் பெயின்ட் லைனை நிறுத்த வேண்டும்.

புது பிளோவர் புனேயிலிருந்து வர எட்டு வாரமாம். பிளான்ட் மேனேஜர் சுரேந்தர் சார் என் மேசைக்கே வந்துவிட்டார். "எட்டு வாரம் லைன் நின்னா முந்நூறு பேர் வீட்டுல உக்காரணும். ஏதாவது பண்ணுங்க வஜிஹா."

ஏதாவது என்றால்?

பிப்ரவரி 27, வியாழன்

காலை 243. மதியத்துக்குள் தாண்டிவிடும் என்று தெரிந்தது. சென்சாரைக் கழற்றினேன். குடிதண்ணீர் கேன் ஒன்றின் வாயை அறுத்து அதற்குள் இறக்கினேன். பலகையில் 6. உலகத்திலேயே சுத்தமான பெயின்ட் ஷாப்! எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. 6 என்றால் யார் நம்புவார்கள்? நம் தொட்டித் தண்ணீரை மக்கில் மொண்டு ஊற்றினேன். ஒன்று, இரண்டு, நாலு. 142இல் நின்றது. பார்க்க யோக்கியமான எண்.

ஆபரேட்டர் முத்துமணி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

சார் இப்படிச் செய் என்று சொல்லவில்லை. வழி என்னுடையது. பின்னால் மாற்றிச் சொல்வேன் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மார்ச் 3, திங்கள்

இரண்டாவது நோன்பு. வாசலில் மாதம்மாள் அக்கா. கால்வாய்க்குக் கீழே ஒரு ஏக்கரில் புதினாவும் கொத்தமல்லியும் போடுகிறவர். சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது தினமும் பலகையைப் பார்ப்பார். கிணறு வற்றிவிட்டதால் கால்வாயில் மோட்டார் வைத்திருக்கிறார்.

"நூத்தி நாப்பத்திரண்டும்மா. மோட்டார் போடலாமில்ல?"

பலகை வைத்த அன்று அவருக்குப் பாடம் எடுத்தவள் நான்தான். இருநூற்றைம்பதுக்குக் கீழே இருந்தால் விடுங்கள், மேலே போனால் தொடாதீர்கள் என்று. இந்தப் பலகையை முறையாகப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான்.

"போடுங்கக்கா" என்றேன். நோன்பு வாயால்.

மார்ச் 7, வெள்ளி

142.

மார்ச் 13, வியாழன்

லேபில் உண்மைத் தண்ணீரை வைத்துப் பார்த்தேன். 431. கண்ணாடிக் குவளையில் தெளிவாகத்தான் இருக்கிறது, அதுதான் வம்பு. நுரையோ நாற்றமோ இருந்தால் அவரே மோட்டாரை நிறுத்தியிருப்பார்.

லேப் நோட்டில் 139 என்று எழுதினேன்.

மார்ச் 19, புதன்

அக்கா ஒரு கட்டுப் புதினாவோடு நின்றிருந்தார். "உங்க நோம்புக் கஞ்சிக்குப் போடும்மா. காலையிலதான் அறுத்தன்."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்ய? பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன், நல்ல வாசனை. வீட்டில் மாமி கஞ்சிக்கு வதக்கிக்கொண்டிருந்தார். புதினாவை நாலு தண்ணீரில் அலசினேன். அப்புறமும் கஞ்சியில் போடக் கை வரவில்லை. மகள் மஹீன் முதல் முறை முழு நோன்பு பிடித்துவிட்டு, எப்போது பாங்கு சொல்வார்கள் என்று கஞ்சிப் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குப்பையில் போட்டேன்.

"நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் மாமி. அழுகிவிட்டது என்றேன்.

என் பிள்ளைக்கு ஆகாது. மார்க்கெட்டில் வாங்குகிறவன் பிள்ளைக்கு ஆகும், இல்லையா? சீ.

மார்ச் 26, புதன்

புதினா இலை ஓரமெல்லாம் கருகியிருக்கிறது. எனக்குக் காட்டத்தான் கிள்ளி வந்திருந்தார். "எரு முத்தலம்மா. பச்சையாக் கொட்டிட்டாரு எங்க வூட்டுக்காரரு. நல்லா வஞ்சுட்டன்."

இருக்கலாம் என்று தலையாட்டினேன். பாவம், அந்த மனுஷனையும் சேர்த்து மாட்டிவிட்டேன்.

மார்ச் 31, திங்கள்

பெருநாள். நேற்று யுகாதி, இன்று ரம்ஜான், ஞாயிறும் ஓடுகிற கம்பெனி இரண்டு நாள் பூட்டு. பிரியாணி, மஹீனின் பச்சைப் பாவாடை, தூக்கம். தொட்டியைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

நினைத்திருக்க வேண்டும். லைன் ஓடாத நாளில் கால்வாய்க்குத் தண்ணீர் போகாது, பலகையில் எண்ணும் இருக்கக் கூடாது. ஆனால் என் கேனுக்கு ஏது லீவு? இரண்டு நாளும் 142 ஓடியிருக்கிறது.

யார் கண்ணிலும் படவில்லை, அக்கா கண்ணில் மட்டும் பட்டுவிட்டது. காலையில் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரம்ஜான் அன்னிக்கும் வேலைக்கு வந்தியாம்மா? எல்லாம் பூட்டிக் கெடந்துச்சு, உன் நம்பரு மட்டும் ஓடிட்டிருந்துச்சு. புள்ளைய வுட்டுட்டு எங்களுக்காவ வந்து பாத்திருக்கறியே, நல்லா இருப்ப."

கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏப்ரல் 2, புதன்

காலை 9.10. சென்சாரைக் கேனிலிருந்து எடுத்துக் கழுவி, அதன் இடத்தில் மாட்டினேன். 418. பலகை சிவப்பானது. என் போனிலும் சார் போனிலும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?"

"கேன்ல வைக்கும்போதும் யாரையும் கேக்கல சார்."

முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு போனை எடுத்து பெயின்ட் லைனை நிறுத்தச் சொன்னார். எனக்கு மெமோ.

ஏப்ரல் 3, வியாழன்

அக்கா பலகையை அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தார்.

"இன்னிக்கு மோட்டார் போடல. என்னாம்மா இது, மிஷின் கெட்டுப்போச்சா?"

"இல்லக்கா. இப்பதான் சரியாச்சு."

புரியவில்லை அவருக்கு. சொன்னேன். பிளோவர், கேன், மக், லீவு நாள் எல்லாவற்றையும். செக்யூரிட்டி காதில் விழட்டும் என்றுதான் சொன்னேன். அக்கா கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் குடுத்தனே புதினா. அத சாப்டியா?"

இல்லை என்றேன்.

"உம்" என்றார். பால் கேனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பிளோவர் வந்து இறங்கியது. எட்டு வாரம் என்றது, லைன் நின்றதும் ஆறே நாளில் வந்துவிட்டது. முந்நூறு பேரும் இரண்டு மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு வருவார்கள், அவ்வளவுதான்.

அந்த 250ஐ எழுதியவர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை. பிப்ரவரியிலேயே விட்டிருந்தால் அதுபாட்டுக்குச் சிவந்து, லைனை நிறுத்தி, பிளோவரையும் வரவழைத்திருக்கும். அதன் குறுக்கே கேனைக் கொண்டுபோய் வைத்தது நான்.

வாரியத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கேனை சீல் வைத்து எடுத்துப் போனார்கள். நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுத்தேன். மாதம்மாள் அக்காவின் வயலையும் அதில் எழுதினேன். வேலை இருக்குமா என்று விசாரணை முடிந்தால்தான் தெரியும்.

ஏப்ரல் 24, வியாழன்

188. உண்மையான 188. தொட்டியில் மறுபடி பழுப்பு நுரை, பாக்டீரியாவுக்கு உயிர் வந்துவிட்டது. முத்துமணி ஸ்வீட் வாங்கி வந்தான்.

அக்கா வாசலைத் தாண்டிப் போனார். பலகைப் பக்கம் திரும்பவில்லை. நான் நின்றிருந்தது அவருக்குத் தெரியும்.

ஏப்ரல் 28, திங்கள்

செக்யூரிட்டி கூப்பிட்டார். வாசலில் அக்கா, கையில் பத்து லிட்டர் கேன்.

"உன் நம்பரு எனக்கு வேணாம். தண்ணி புடிக்கணும். நானே புடிக்கறன்."

சாரிடம் அனுமதி வாங்கி உள்ளே அழைத்துப் போனேன். சென்சார் இருக்கும் இடத்தைக் காட்டச் சொன்னார். குனிந்து, அது ஓடுகிற தண்ணீரில்தான் முங்கியிருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பிறகு அவரே பிடித்தார். தூக்கப் போனேன், கொடுக்கவில்லை.

"ஒரு பாத்திக்கு மட்டும் வுட்டுப் பாக்கறன். எட்டு நாள் போவட்டும், சொல்றன்."

மே 3, சனி

170. பலகையைப் பார்க்கவே தோன்றவில்லை. ஷிப்ட் முடிந்ததும் கால்வாய்க் கரைவரை நடந்து போனேன். வயலில் இறங்கவில்லை, இறங்க எனக்கு முகமில்லை. கோடியில் அந்தப் பாத்தியில் மட்டும் குச்சி நட்டு அடையாளம் வைத்திருக்கிறார். கரையிலிருந்து பார்த்தால் இலை ஓரம் தெரியவில்லை.

இன்றோடு ஐந்து நாள்.