எலிகளுக்கு லீவு கிடையாது

மூக்கு அடைத்துக்கொண்டு தலை பாரமாக இருக்கிறது. தைலப் புட்டியைத் தேடிக் கைப்பையைக் கட்டிலில் கவிழ்த்தேன். சில்லறை, சீப்பு, ரயில் பாஸ் இவற்றோடு உன் மாத்திரைத் துண்டும் வந்து விழுந்தது. மருந்துக்கடைக்காரன் அட்டையிலிருந்து கத்தரியால் நறுக்கிக் கொடுத்தது. மருந்தின் பெயர் பாதியோடு வெட்டுப்பட்டிருக்கிறது. என்றைக்காவது இதைப் பார்த்தால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கோபம்தான் வந்தது. முதலில் உன்மேல்.

எனக்குத் தொண்டை கட்டியிருந்த ஒரு மத்தியானம், ஆய்வுக்கூடத்துச் சாப்பாட்டு மேஜையில் இதை என் பக்கம் தள்ளினாய். "இந்தா, ரெண்டு கோலி போடுட்டி. சாயங்காலத்துக்குள்ள சரியாப் போவும்." மாத்திரை என்ற சொல்லே உன் வாயில் வராது. நீ வளர்ந்த தாராவியின் இந்தியில் அது எப்போதும் கோலிதான்.

"இது ஆன்டிபயாடிக்டி! ஜலதோஷத்துக்கு யாராவது இதை முழுங்குவாளா? கார்த்தாலே எலிக்கு இந்த மாதிரி மருந்தைத்தானே குடுத்தே?" என்று கத்திக்கொண்டே அதை எடுத்து என் பைக்குள் போட்டேன்.

நீ சிரித்தாய். "எலி வேற, நான் வேறல்லா."

வேறா? நம் வேலையே அந்த எலிகள்தானே. ஒரே கிருமி, ஒரே அளவு, ஒரே தீனி. அப்படியும் சில எலிகள் விழுகின்றன, சில விழுவதில்லை. ஏன் என்று கண்டுபிடிக்கத்தான் நமக்குச் சம்பளம். ஒரு கூட்டத்துக்கு முதல் நாள் மருந்து கொடுப்போம். இன்னொன்றுக்கு வெறும் தண்ணீர். மறுநாள் எல்லாவற்றுக்கும் குடலைக் கெடுக்கும் கிருமி. நீ எலியின் பிடரியைப் பிடித்து, நுனி மழுங்கிய ஊசியைத் தொண்டைக்குள் இறக்கும்போது, "வாயத் தெறங்க ராசா" என்று கொஞ்சுவாய். தண்ணீர் குடித்தவை அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். மருந்து குடித்தவை முடி சிலிர்த்துப்போய் மூலையில் ஒடுங்கிக்கொள்ளும்.

பார்வையிட வந்த கல்லூரிப் பெண்களுக்கு நீ அதை விளக்கிய அழகு இன்னும் காதில் இருக்கிறது. "வயித்துக்குள்ள நல்ல கிருமிய ஏற்கெனவே நெருக்கியடிச்சு குடியிருக்கு. காலைல கல்யாண்ல இருந்து வார லோக்கல் ரயில்ல, சயான்ல ஏறிப் பாத்திருக்கியளா? கால் வைக்க எடம் இருக்காதுல்லா? கெட்ட கிருமி வந்தாலும் அதே கதிதான். நாம மருந்தக் குடுத்துட்டம்னா பெட்டி காலி. வந்தவன் காலை நீட்டிப் படுத்துக்கிடுவான்." பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவ்வளவும் தெரிந்தவளுக்குத் தன் வயிறு மட்டும் நினைவில்லாமல் போகுமா?

ஏன் விழுங்கினாய் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. எலிகளுக்கு ஒரு நாள் மருந்து தவறினால் மொத்தச் சோதனையும் வீண். "எலிக்கெல்லாம் லீவு கிடையாதும்மா" என்பார் நம் ஆய்வுக்கூடத் தலைவர், சிரித்துக்கொண்டே. நம்முடையதோ ஒப்பந்த வேலை. "நான் படுத்தா வேற ஆள வச்சிருவாவ. ஒனக்கென்னட்டி, செம்பூர்ல சொந்த வீடு, அப்பாவுக்குப் பென்ஷன்" என்றாய் ஒரு முறை. அந்த மழைக்காலம் முழுக்க இருமினாய். ஒவ்வொரு தடவையும் துண்டு துண்டாக வாங்கி விழுங்கினாய், இருமல் அடங்கியதும் நிறுத்தினாய், மறுபடி வாங்கினாய்.

பிறகு உன் அண்ணன் மகளுக்குக் காது குத்து. விருந்தில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு. கஞ்சியும் மோரும் குடித்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நீ மட்டும் வேலைக்கு வந்து, கழிவறைக்கும் எலி அறைக்குமாக நடந்தாய். உதடு வெளுத்திருந்தது.

"ஆத்துக்குப் போடி, தயவுபண்ணிப் போ."

"இன்னிக்கி டோஸ் குடுக்கணும்லா."

கொடுத்துவிட்டுத்தான் போனாய். அதற்குப் பிறகு நான் உன்னைப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை என்றார்கள். நீ போன அன்று உன் அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் ஒரே சட்டிச் சோறுதானம்மா தின்னோம்? இவளுக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டார். நாம் சம்பளம் வாங்கியது அந்தக் கேள்விக்குத்தான். அந்த இடத்தில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தலைவருக்கு வந்தது. அஞ்சலிக் கூட்டத்தில் உன் படத்துக்கு மாலை போட்டுவிட்டு, "அந்த ஏரியாத் தண்ணி அப்படி. நல்ல பொண்ணு, பாவம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதே தண்ணீரைத்தானே உன் அம்மாவும் அண்ணனும் அந்தச் சின்னப் பெண்ணும் குடித்தார்கள்? எல்லாக் கூண்டுக்கும் ஒரே தண்ணீர் என்று தெரிந்தும், எலி செத்ததற்குத் தண்ணீர்தான் காரணம் என்று நாம் எழுதிக் கொடுத்திருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பாரே! எலியைப் பற்றி யோசிப்பதில் கால்வாசிகூட உன்னைப் பற்றி யோசிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒருத்தியை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அது எனக்கும் தெரியும். அதற்காக வாய்க்கு வந்ததைச் சொல்லலாமா?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. அவர்தான்.

"ஜலதோஷம்தானேம்மா? ஏதாவது மாத்திரையைப் போட்டுண்டு வந்துடு. இன்னிக்கு டோஸ் இருக்கு."

"வரமாட்டேன் சார்."

"அப்போ எலிக்கு?"

"நீங்களே குடுங்கோ."

போனை வைத்துவிட்டார். வேலை இருக்கிறதா, போய்விட்டதா, தெரியாது. செம்பூரில் சொந்த வீடு இருக்கிற திமிர் என்பாய் நீ. இருக்கட்டும். மாத்திரைத் துண்டைத் திரும்பப் பைக்குள் போட்டிருக்கிறேன், நான் இருக்கும்வரை அது அங்கேதான் இருக்கும். இனி யார் அழைத்தாலும் முதலில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

வரமாட்டேன். ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லிவிட்டு நாலு நாள் போர்த்திப் படுத்திருந்தால் அந்த இருமல் தானே போயிருக்கும். சொல்லாமலே போய்ச் சேர்ந்தாயேடி, பாவி.