செஞ்சுட்டுச் சொல்றதுக்கு ஒரு பேரு

அன்புக் கண்ணுக்கு அம்மா எழுதுறது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும். இங்க நானும் அப்பாவும் சொகமா, ஒரே வீட்டுல இருக்கோம். ஒரே வீட்டுலன்னு எதுக்கு எழுதுறேன்னு கேப்ப, சொல்றேன், சொல்லவே வாய் கசக்குது.

சித்திக்குக் கண் ஆபரேஷன்னு துணைக்குப் போயிருந்தேன்ல, திரும்பி வந்து பாத்தா அப்பா கட்டில் காலி. மெத்தையச் சுருட்டிக் கட்டியிருக்கு, உன் அண்ணி அந்த ரூம் ஜன்னலுக்குத் திரை அளந்துட்டிருக்கா. மனுஷன் போயிட்டாரோன்னு நெனச்சுட்டேன். உன் அண்ணன் சோபாவுல சாஞ்சுக்கிட்டே, முதியோர் இல்லத்துல சேத்தாச்சும்மா, ஃபெட் அக்கம்ப்ளி, இனி பேசிப் பிரயோஜனம் இல்லன்னான். அது என்னடா கண்றாவின்னேன். கேட்டதுதான் தாமதம், தொரைக்கு முகமெல்லாம் பிரகாசம், பிரெஞ்சுக்காரன் வார்த்தையாம், இங்கிலீஷ்காரன் அப்படியே எடுத்துக்கிட்டானாம், நடந்து முடிஞ்ச காரியம்னு அர்த்தமாம். மழை பெஞ்சுது, பஸ் போயிருச்சு, அதுவும் நடந்து முடிஞ்சதுதானே, அதுக்கும் சொல்லலாமான்னு கேட்டேன். கூடாதாம். கேட்டா வேண்டாம்னு சொல்ற ஆள் ஒருத்தர் இருக்கணுமாம், அவருக்குத் தெரியாம முடிச்சுட்டு அப்புறம் சொன்னாத்தான் அந்தப் பேராம். என்ன விவரமா சொல்லிக் குடுத்தான் தெரியுமா! சீ, இவன் என் வயித்துல பொறந்தவன்தானான்னு ஆயிருச்சு. திருட்டு வேலைக்குக் கூடவா செண்ட் அடிச்சு ஒரு பேரு வெப்பாங்க?

செருப்பக் கூடக் கழட்டல, தெருமுனையில டாக்ஸி புடிச்சு நேரா அங்க போயிட்டேன். சும்மா சொல்லக் கூடாது, இடம் சுத்தமாத்தான் இருந்துச்சு, பினாயில் வாடை, வரிசையா நாற்காலி. வாதம் வந்து வலது கை விழுந்ததுலேருந்து அப்பா சட்டைக்கெல்லாம் பட்டனப் பிரிச்சுட்டு, ஒரு கையால அமுக்கினா மூடுற டிச் பட்டனா வெச்சுத் தெச்சிருக்கேன்ல. அதுல ஒண்ணக் கூட வெக்காம பழைய ஆபீஸ் சட்டையா அடுக்கி அனுப்பியிருக்கான் புண்ணியவான். இவரு தானே போட்டுப் பாத்திருக்காரு, ஓட்டை மாறி, சட்டை கோணி, நெஞ்சு தெரிய உக்காந்திருந்தாரு. என்னப் பாத்ததும் வெக்கப்பட்டு அந்தச் சட்டையத்தான் இழுத்து மூடப் பாத்தாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நர்ஸம்மா, மகன் வந்து கையெழுத்துப் போடணுமேன்னு இழுத்தாங்க, நான் பொண்டாட்டி, எனக்கு மேல எவன்னு கேட்டுட்டுக் கையோட கூட்டிட்டு வந்துட்டேன். உன் அண்ணன் முகத்துல இன்னும் முழிக்கல, அவன் சாப்பிட்ட தட்டப் பாத்தாக் கூடக் குமட்டுது.

அவன நான் பாத்துக்குவேன். ஆனா அன்னிக்கு நான் டாக்ஸி புடிக்கக் கெளம்புறப்ப நடந்த சண்டையில அவன் ஒண்ணு சொன்னான், தங்கச்சிக்கும் தெரியும், அவ சரின்னு சொன்ன பிறகுதான் செஞ்சேன்னு. பொய்யாத்தான் இருக்கும். ஆனா சித்தி வீட்டுல இருந்தப்ப நீ போன் பண்ணி, என்னம்மா அவசரம், இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போன்னு சொன்னியே, அது காதுலயே நிக்குது. போன்ல கேக்க தைரியம் இல்ல, உன் குரல் தடுமாறுச்சுன்னா என்னால தாங்க முடியாது, அதான் எழுதுறேன்.

ரெண்டு பேரும் மனசு நெறஞ்சு நல்லா இருங்க. குளிர்ல காத மூடிக்கிட்டுப் போ. தெரியும்னா தெரியும்னு, இல்லன்னா இல்லன்னு, ஒரு வரி எழுதிப் போட மறந்துடாத. அதுவரைக்கும் நீ தெனம் விசாரிக்கிறதா அப்பாகிட்டச் சொல்லிட்டிருக்கேன்.

உன் அம்மா